மடங்காத விரல்கள்

அத்தியாயம் 9

“மூச்சு மட்டும் நிக்கவே மாட்டேங்குது, சார்ஜன்” என்றாள் பூங்காவனம்.

எங்கள் தொழிலில் இது புதுப் புகார். யாருக்காவது மூச்சு நின்றுபோன பிறகுதான் மலாக்கா மக்களுக்குச் சேதுபதியின் ஞாபகம் வரும். மூச்சு நிற்கவில்லை என்று ஒருத்தி நனைந்த சேலையோடு ஓடிவந்து நின்றது அன்றுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சார்ஜன் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

சேதுபதி போலிஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்து வருஷங்கள் ஆகியும் ஊருக்கு அவர் சார்ஜன்தான். நான் அலி அக்பர். அவருக்குக் காரோட்டி, எழுத்தர், தேவைப்பட்டால் அவருக்குப் பதிலாக அடி வாங்குகிற ஆள். இந்த மூன்றில் கடைசி வேலையைத்தான் நான் ஒழுங்காகச் செய்வதாக அவர் சொல்வார்.

அப்போது எங்கள் கையில் இருந்த வழக்கு தியாகுவின் சாவு. காஜா பேராங் வட்டாரத்தில் நாற்காலி மேசைகளுக்கு பாலிஷ் போடும் பட்டறையில் பங்காளி. தண்ணீர் வற்றிய ஒரு காலையில் மலாக்கா ஆற்றுச் சேற்றில் குப்புறக் கிடந்தான். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று போலிஸ் கையைக் கழுவிவிட்டது. என் மகன் தேத்தண்ணிக்கு மேல் எதையும் குடித்ததில்லை என்று அவன் தாய் எங்களிடம் வந்து அழுதாள்.

தட்டிய கதவெல்லாம் சாத்திக்கொண்டது. ஒரே ஒரு கதவுதான் மிச்சம். பட்டறையின் இன்னொரு பங்காளி ஜெயபாலன். அவன் மனைவி கமலவேணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவளைக் குளிப்பாட்டிப் பத்திய மருந்து கிண்டிக் கொடுக்கும் மருத்துவச்சிதான் இந்தப் பூங்காவனம். ‘நான் ஒன்றைப் பார்த்தேன். தீட்டுக் கழிந்ததும் வாருங்கள், சொல்கிறேன்’ என்று கமலவேணி அவளிடம்தான் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பிள்ளை பெற்ற அறைக்குள் அன்னிய ஆண் காலெடுத்து வைப்பதில்லை. சார்ஜன் கொலைகாரன் வீட்டு ஓட்டைப் பிரித்து இறங்கக்கூடியவர், ஆனால் இந்த விஷயத்தில் அசையமாட்டார். தீட்டுக் கழியட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சாட்சி சொல்ல ஒருத்தி தயாராக இருக்கும்போது நாங்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஜன்னியாக்கா?” என்று பூங்காவனத்தைக் கேட்டேன்.

“ஜன்னி கண்டா ஒடம்பு கொதிக்கும் தம்பி. இவ ஒடம்பு சில்லுனு கெடக்கு. படுத்த எடத்துல கெடந்துகிட்டு, மலையேறுன மாதிரி மூச்சு வாங்குறா. காலையிலேருந்து விடல.” அவள் குரல் தாழ்ந்தது. “கண்ணு முழிச்சதும், ‘ஏங்க்கா தொட்டிலுக்கு வெள்ளைத் துணி கட்டிட்டீங்க’ன்னு கேட்டா. நான் ஒரு துணியும் கட்டல, சார்ஜன்.”

சார்ஜன் ஏற்கனவே சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கிடந்தது. நாடு சுதந்திரம் பெறும் மெர்டேக்காவுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. தெருவெல்லாம் மூங்கில் வளைவு கட்டியிருந்தார்கள். நனைந்த காகிதத் தோரணங்கள் சாயம் விட்டுச் சிவப்பாகச் சொட்டின. எனக்கு அந்த நிறம் அன்று பிடிக்கவில்லை.

ஜெயபாலனின் பக்கத்து வீட்டு செட்டி அம்மாள் தன் சன்னலுக்குக் கீழே முள்ளுத் தாழை ஓலைகளைப் புதிதாகக் கட்டியிருந்தாள். பிரசவத்தில் செத்தவள் பொந்தியானாக் பேயாக வருவாள், முள்ளைக் கண்டால் விலகிப்போவாள் என்பது இங்கே எல்லா இனத்துக்கும் பொதுவான பயம். அம்மாள் காரிலிருந்து இறங்கிய எங்களைப் பார்த்தாள். சன்னலைச் சாத்திவிட்டாள். உள்ளே இன்னும் ஒருத்தி உயிரோடு இருக்கும்போதே அவள் பேய்க்கு முள் கட்டிவிட்டாள்.

வீட்டின் முன்பாதி பட்டறை. மெர்டேக்கா மேடைக்குப் போக வேண்டிய நாற்காலிகள் வரிசையாக நின்றன. பாலிஷ் காயவில்லை. ஸ்பிரிட் வாடை மூக்கை அறுத்தது. ஜெயபாலன் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக வந்தான்.

“நல்ல நேரத்துல வந்தீங்க சார்ஜன். மொதல்ல இவளைப் பிடிங்க.” அவன் கை பூங்காவனத்தைக் காட்டியது. “இவ கிண்டிக் குடுத்த மருந்துதான். பிராந்தியில பூண்டு, மிளகு, என்ன எழவையெல்லாமோ போட்டா. அதைக் குடிச்சுத்தான் என் பொண்டாட்டி இப்படிக் கெடக்குறா.”

“எங்கம்மா காலத்துலேருந்து இதே மருந்துதான் ஐயா” என்றாள் பூங்காவனம்.

அதற்குள் அந்தச் சத்தம் என் காதில் விழுந்துவிட்டது. உள் அறையிலிருந்து வந்தது. ஆழமாக இழுத்து, முழுக்க விட்டு, உடனே மறுபடி இழுக்கும் மூச்சு. அதில் இருமல் இல்லை, இழுப்பு இல்லை, அழுகை இல்லை. களைத்துப்போன ஒருத்தி நிறுத்தவும் முடியாமல் யாருக்கோ வேலை செய்துகொண்டிருப்பது போல இருந்தது. கேட்கக் கேட்க என் மூச்சும் அதோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தது.

சார்ஜன் அறை வாசலோடு நின்றுகொண்டார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பத்திய அறை, சன்னல்கள் சாத்தியிருந்தன, ஒரு சின்ன விளக்கு. கமலவேணி சுவரில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூலையில் தொட்டில். கட்டிலருகே டொக்டர் தேவதாஸ், சிங்கப்பூரில் படித்துவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பியவர், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“பயம்தான், வேற ஒண்ணுமில்ல” என்றார் அவர். “பக்கத்து வீட்டுல பேய்க்கு முள்ளு கட்றாங்க. இவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. நெஞ்சு சுத்தமா இருக்கு, காய்ச்சல் இல்ல. தூங்க வெச்சா மூச்சு தானா அடங்கிடும்.”

“போடுங்க டொக்டர்” என்றான் ஜெயபாலன். “அவ படுற பாட்டைப் பாக்க முடியல. தூங்கட்டும்.”

சொல்லிக்கொண்டே மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தம்ளரை எடுத்தான். அவள் கையைப் பிடித்து, தளர்ந்து கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தம்ளரை வைத்து, திரும்ப மடித்துவிட்டு, “இதோ, பிடிச்சுக்கோ” என்றான். எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் தண்ணீர் கேட்டால் சார்ஜன் குழாயைக் காட்டுவார்.

“டொக்டர்” என்றார் சார்ஜன். “ஒரு சந்தேகம். அப்புறம் ஊசி போடலாம்.”

“சொல்லுங்க.”

“பயத்துல ஒருத்தர் இப்படியே மூச்சு விட்டுக்கிட்டிருந்தா என்ன ஆகும்?”

தேவதாஸ் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “நாம சாப்பிடுறது, நடக்குறது, எல்லாமே ரத்தத்துல கொஞ்சம் புளிப்பு சேர்க்கும், சார்ஜன். அமிலம். அதுல பெரும்பகுதியை மூச்சுதான் காத்தா வெளியேத்துது. தேவையில்லாம வேகமா மூச்சு விட்டா, போகக்கூடாத புளிப்பும் போயிடும். ரத்தம் சுண்ணாம்புப் பக்கம் சாயும்.”

“சாய்ஞ்சா?”

“ஒதடு மரத்துப்போகும். வெரலு வெறைச்சு, கூம்பி, உள்ள மடங்கிக்கும். நாம நிமித்தினாலும் நிமிராது.”

“அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரொம்ப நேரம் வேணாம். கால் மணி, அரை மணி.”

“இந்தப் பொண்ணு காலையிலேருந்து இப்படித்தான் இருக்கு. அவரு இப்ப அந்த வெரலைப் பிரிச்சு மடிச்சாரு, பாத்தீங்களா? துணி மடிக்கிற மாதிரி மடிச்சாரு.”

ஊசி பாதியில் நின்றது. தேவதாஸ் கமலவேணியின் கையை எடுத்தார். விரல்களைப் பிரித்தார், விட்டார். தொளதொளவென்று விழுந்தன. மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் விறைக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை அந்த மங்கல் விளக்கிலும் பார்த்தேன். ஊசியை எட்டத் தள்ளி வைத்தார்.

“இது பயமில்ல” என்றார் மெதுவாக.

“பின்ன?”

“பயத்துல மூச்சு புளிப்பை வீணா எறியும். இங்க எறிஞ்சும் தீரல. உள்ள எங்கேயோ அமிலம் ஊறிக்கிட்டே இருக்கு. நம்ம ரத்தத்துல சோடா மாதிரி ஒரு உப்பு இருக்கு, அதுதான் மொதல்ல அமிலத்தைப் பிடிச்சு நிறுத்தும். அது தீர்ந்திருக்கணும். சிறுநீரகமும் வெளியேத்தும், ஆனா அதுக்கு நாள் கணக்கு ஆகும். மிச்சம் இருக்குற ஒரே வாசல் மூச்சு. இவங்க ஒடம்பு ஒரு நிமிஷம்கூட ஓயாம இறைச்சுக் கொட்டிக்கிட்டிருக்கு.”

“அந்த ஊசியைப் போட்டிருந்தா?”

“மூச்சு அடங்கியிருக்கும்.” டொக்டர் ஊசியை எடுத்து மருந்தைத் தரையில் பீய்ச்சிவிட்டார். “இருட்டுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். நானே முடிச்சிருப்பேன்.”

அறையில் மூச்சுச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் நிற்காதா என்று நினைத்த நான், அது நின்றுவிடக் கூடாதே என்று பயப்பட ஆரம்பித்தேன்.

“நீரிழிவு முத்தினா இப்படி வரும். ஆனா மூச்சுல பழ வாசனை அடிக்கணும், இவங்களுக்கு இல்ல” என்றார் தேவதாஸ். “இன்னொண்ணு விஷம்.”

சார்ஜன் திரும்பினார். “பூங்காவனம், அந்த வெள்ளைத் துணி விஷயத்தை டொக்டர்கிட்ட சொல்லு.”

சொன்னாள். தேவதாஸ் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கமலவேணியின் கண்ணில் நேராக அடித்தார். அவள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கருவிழிக்குள் இருந்த வட்டம் அகலமாகவே நின்றது.

“அம்மா, என்ன தெரியுது?”

“பனியா இருக்கு.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. “எல்லாம், வெள்ளையா, இருக்கு.”

இருட்டு அறையில் படுத்திருப்பவளுக்குக் கண் போனதை யார் கவனிப்பார்கள். வெளிச்சமே இல்லாத இடத்தில் அவள் தடுமாறினால் இருட்டு என்பார்கள், உளறினால் ஜன்னி என்பார்கள். பத்திய அறையைப்போல் இதை மறைக்க வசதியான இடம் மலாக்காவில் வேறு இல்லை.

“மரச் சாராயம்” என்றார் தேவதாஸ். “பாலிஷுக்குக் கலக்குற ஸ்பிரிட். குடிச்சவுடனே ஒண்ணும் தெரியாது. ஈரல் அதை மாத்துறப்பத்தான் அமிலமாகுது. செவப்பெறும்பு கடிச்சா எரியுதே, அதே அமிலம். கண்ணு நரம்பைத்தான் மொதல்ல தின்னும்.”

முன்கட்டில் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இருந்த தகரப் பீப்பாய் என் நினைவுக்கு வந்தது. வீடே அதன் வாடையில் ஊறிக்கிடந்தது. போதாததற்குப் பூண்டும் மிளகும் போட்ட மருந்து. அதில் எதைக் கலந்தாலும் எந்த மூக்குக்கும் தெரியாது. நான் பூங்காவனத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“வீட்டுல ஆப்ப சோடா இருக்கா?” என்று கேட்டார் டொக்டர். “கொண்டாங்க. தண்ணியில கரைச்சுக் குடுக்கணும். அப்புறம் எனக்கு நல்ல பிராந்தி ஒரு போத்தல் வேணும், ஒடனே.”

“டொக்டர், உங்களுக்கு அவ்வளவு பதட்டமா இருந்தா” என்று ஆரம்பித்தேன்.

“எனக்கில்ல. இவங்களுக்கு. ஈரலுக்கு முன்னால பிராந்தியும் ஸ்பிரிட்டும் ஒண்ணா வந்தா, அது பிராந்தியைத்தான் மொதல்ல கவனிக்கும். ஸ்பிரிட் அமிலமாகாம காத்துக் கெடக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஒடம்பை விட்டு வெளியேறிடும்.”

“பிராந்தி இங்கேயே இருக்கே” என்றான் ஜெயபாலன், அலமாரியைக் காட்டி.

“அந்தப் போத்தலை யாரும் தொடக்கூடாது” என்றார் சார்ஜன். “அலி, நீ போய் புதுசு வாங்கிட்டு வா.”

“சார்ஜன், எங்கப்பா ஹாஜி.”

“உன்னைக் குடிக்கச் சொல்லல. அப்படியே கடையிலேருந்து இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டு, பிடிச்சுட்டுப் போக ஆள் தயார்னு சொல்லு.”

முனைக் கடை முதலாளியான சீனத் தவுக்கேக்கு என்னைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். பிராந்தி கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார். மருந்துக்கு என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். நான் அவரோடு சண்டை போட நேரமில்லாமல் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். ஆள் தயார், மருத்துவச்சி பூங்காவனம், உடனே வாருங்கள் என்றேன். இப்படி ஒரு வழக்கை நானே முடித்துவைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது சோடாத் தண்ணீர் பாதி உள்ளே போயிருந்தது. டொக்டர் பிராந்தியைத் தண்ணீரில் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். மூச்சு இன்னும் அதே வேகத்தில்தான் ஓடியது. தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. நல்லவேளை, இரண்டு நாளாகப் பால் வற்றிவிட்டதால் அதற்கு டின் பால்தான் கொடுத்து வந்தார்கள். அந்தப் பிள்ளை தப்பித்தது அதனால்தான் என்றார் டொக்டர்.

போலிஸ் ஜீப் வந்து நின்றது. கார்ப்பரல் உள்ளே எட்டிப் பார்த்தார். “மருத்துவச்சி யாரு? கெளம்புங்க.”

பூங்காவனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சார்ஜன் என் பக்கம் திரும்பினார்.

“அலி, நான் யார் பேரையாவது சொன்னேனா?”

“சொல்லல. ஆனா...”

“அப்ப கொஞ்சம் சும்மா இரு.” அவர் ஜெயபாலனைப் பார்த்தார். “ஜெயபாலன், உங்க மனைவிக்குக் கண்ணு தெரியலைன்னு டொக்டருக்கு எப்பத் தெரியும்?”

“இப்பத்தான். டார்ச் அடிச்சுப் பாத்தப்ப.”

“எனக்கும் அப்பத்தான் உறுதியாச்சு. பூங்காவனத்துக்கும் அதுவரைக்கும் தெரியாது. உங்களுக்கு?”

“எனக்கும் அப்பத்தான்.”

“அதுக்கு முன்னாடியே நீ தம்ளரை நீட்டலையே.” சார்ஜன் மரியாதையை விட்டுவிட்டதை நான் கவனித்தேன். “கண்ணு இருக்குறவங்களுக்கு தம்ளரை நீட்டுவோம், அவங்க வாங்கிக்குவாங்க. பலமில்லாதவங்களுக்கு வாயில ஊட்டுவோம். நீ அவ கையைத் தேடி எடுத்து, வெரலைப் பிரிச்சு, தம்ளரை வெச்சு, மடிச்சு, ‘இதோ’ன்னு சொன்னே. அது குருடருக்குச் செய்யுறது. காலையிலேருந்து அப்படித்தான் குடுத்துப் பழகியிருக்கே.”

ஜெயபாலன் ஒரு எட்டு அலமாரிப் பக்கம் நகர்ந்தான்.

“பட்டறைக்காரனுக்குத் தெரியும், ஸ்பிரிட்டைக் குடிச்சவனுக்கு மொதல்ல என்ன போகும்னு. அந்த ஒண்ணை மட்டும் நீ டொக்டர்கிட்ட மறைச்சே. அவரு பயம்னு சொன்னதுக்கு ஒத்து ஊதினே. தூங்க வைக்கச் சொன்னே. மருந்து வேலை செய்யலைன்னா ஊசி செய்யட்டும்னு நின்னே. பழியைச் சுமக்கப் பூங்காவனம் இருந்தா. அலமாரியில இருக்குற அந்தப் போத்தலை இப்ப கார்ப்பரல் எடுத்துக்குவாரு.”

ஜெயபாலன் ஓடவில்லை. அழவும் இல்லை. முன்கட்டைத் திரும்பிப் பார்த்தான்.

“நாற்காலியெல்லாம் நாளைக்குப் போகணும்” என்றான். “இன்னும் ஒரு கை பூசணும்.”

அவனை ஜீப்பில் ஏற்றும்வரை அவன் கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. பூங்காவனத்தைக் கைப்பிடித்துத் தூக்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள்தான், “பரவால்ல தம்பி, மொதல்ல காடியைக் கெளப்பு” என்றாள்.

கமலவேணியைப் பின் சீட்டில் டொக்டரும் பூங்காவனமும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தை பூங்காவனத்தின் மடியில். சார்ஜன் முன்னால் என் பக்கத்தில். மழை பிடித்துக்கொண்டது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன், காது முழுக்கப் பின் சீட்டில் இருந்தது.

பாதி வழியில் மூச்சு தளர்ந்தது.

என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. சார்ஜன் கண்ணாடியில் டொக்டரைப் பார்த்தார். தேவதாஸ் அவள் நாடியைப் பிடித்திருந்தார். ஓய்ந்துபோனாலும் மூச்சு தளரும், அமிலம் குறைந்தாலும் தளரும் என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டில் எது என்று அவருக்கும் உடனே தெரியவில்லை. அந்தக் காரில் அப்போது யாருமே சரியாக மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன்.

“ஓட்டுங்க” என்றார் டொக்டர் கடைசியில். “நாடி நல்லா இருக்கு. சோடா வேலை செய்யுது.” கொஞ்சம் நிறுத்தினார். “உயிருக்கு நான் பாத்துக்குறேன். கண்ணுக்கு மட்டும் என்னால வாக்குக் குடுக்க முடியாது.”

கமலவேணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை மடியைத் துழாவியது. பூங்காவனம் அந்தக் கையை எடுத்துக் குழந்தையின் முகத்தில் வைத்தாள். அவள் நெற்றியிலிருந்து தாடை வரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.

“சார்ஜன் அண்ணே” என்றாள். இப்போது ஒரு மூச்சில் மூன்று நான்கு வார்த்தை வந்தது. “தியாகு அண்ணனை அன்னிக்கு இவருதான் வண்டியில ஏத்திட்டுப் போனாரு. தனியாத்தான் திரும்பி வந்தாரு. சட்டையெல்லாம் ஆத்துச் சேறு. நான்தான் தொவைச்சேன்.”

“அது போதும்மா. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.” சார்ஜன் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. “ஒண்ணு மட்டும். நீ என்கிட்ட சொல்லப்போறேன்னு அவனுக்கு யார் சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

மழைத் துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது.

“தீட்டு கழியறதுக்குள்ள நீங்களே போயி ஒத்துக்கிடுங்க, அப்பத்தான் தண்டனை கொறையும், நான் சொல்லுற மாதிரி வெச்சிடாதீங்கன்னு போன வெள்ளிக்கெழம கேட்டுக்கிட்டேன். புள்ள தலையில கையை வெச்சு சரின்னாரு. முந்தாநாள்லேருந்து, அக்கா மருந்தைக் கிண்டி வெச்சுட்டுப் போனதும், நானே கலக்கித் தர்றேன்னு எடுத்துக்கிட்டாரு. வேளாவேளைக்கு அவரே கொண்டாந்து குடுத்தாரு.” அவள் மூச்சு ஒரு முறை தடுமாறி, திரும்பவும் சீரானது. “மனசு மாறிட்டாருன்னு நெனைச்சு, ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சேன்ணே.”

நான் பெரியாஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினேன். தேவதாஸ் மழையில் இறங்கி, தள்ளுவண்டி கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டார்.